வண்டின் வளர்ச்சியும் தேயிலையின் வாழ்வும்

கண்டி மாநகரைச் சூழ்ந்த மலைகளின் வரலாற்றை எழுதியோர் முதலில் மன்னரையும் போரையும் பற்றி எழுதினர். பின்னர் கோப்பித் துரைமாரையும் தேயிலைத் துரைமாரையும் பற்றி எழுதினர். காட்டை அழித்து மலையை நிரவி அதைப் பசுமையாக்கிய தொழிலாளரின் கதை மிகப் பிந்தியே ஏடேறியது. அவர்களோடு அதே மலைகளில் வாழ்ந்து, அவர்கள் உழைப்பின் பயனைக் குடைந்து தின்ற ஓர் உயிரின் கதையோ இன்னும் பலருக்குத் தெரியாது. அது ஓர் எள்ளின் நீளங்கூட இல்லாத வண்டு. அதனை வெல்ல மனிதன் முதலிற் கத்தியை எடுத்தான். அடுத்து நஞ்சை எடுத்தான். கடைசியில், அந்த வண்டு எவ்வாறு பிறந்து வளர்கிறது என்பதை அறிவதே சிறந்த ஆயுதம் என்று உணரத் தொடங்கினான். இந்த மூன்று படிகளும் கண்டிச் சீமையிலேயே நிகழ்ந்தன என்பது எண்ணிப் பார்க்கத் தக்கது.

இம்மலைகள் பயிர்ப்பீடையின் வலிமையைத் தேயிலைக்கு முன்பே கண்டவை. 1869 இல் இலங்கைக் கோப்பித் தோட்டங்களில் இலைத்துரு நோய் தோன்றியது. கண்ணுக்குத் தெரியாத ஒரு பங்கசு இலைகளில் மஞ்சட் பொட்டாகத் தோன்றி, சில ஆண்டுகளில் ஒரு பெருந்தொழிலையே சாய்த்தது. 1880 முதல் 1882 வரை இங்கு தங்கி அந்நோயை ஆராய்ந்த மார்ஷல் வார்ட் என்னும் இளம் விஞ்ஞானி, காற்றிற் பரவும் வித்துகளால் அது பரவுவதை விளக்கினார். மலைக்கு மலை ஒரே பயிரை இடைவெளியின்றி நட்டது நோய்க்குப் பாய் விரித்ததாயிற்று என்னும் பாடம் அன்றே கிடைத்தது. ஆயினும் கோப்பியின் இடத்தில் மீண்டும் ஒரே பயிரே மலைகளை மூடியது. லூல்கந்துர தோட்டத்தில் 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் நட்ட தேயிலை, அடுத்த இருபதாண்டுகளில் மலையகம் எங்கும் பரவியது.

பீடையும் காத்திருக்கவில்லை. 1892 இல் நாவலப்பிட்டியை அடுத்த கிரெய்க்ஹெட் தோட்டத்தில், தேயிலைக் கிளைகளில் வட்டமான நுண்துளைகள் காணப்பட்டன. வேட்டைத் துப்பாக்கியின் ஈயச் சன்னம் பாய்ந்தது போன்ற துளைகள் ஆகையால், ஆங்கிலேயர் அதனைச் செய்த வண்டுக்கு ‘ஷொட் ஹோல் போரர்’ என்று பெயரிட்டனர். அந்த வண்டு விஞ்ஞானிகளுக்கு முற்றிலும் புதியதன்று. இலங்கையிற் கிடைத்த மாதிரியைக் கொண்டு ஐக்கோஃப் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1868 இலேயே அதனை விவரித்திருந்தார். காட்டு மரங்களில் ஒதுங்கி வாழ்ந்த வண்டுக்குத் தேயிலை புதுவீடு ஆயிற்று. தோட்டத் துரையாக இருந்து பின் அரசாங்கப் பூச்சியியலாளராக உயர்ந்த எர்னஸ்ட் கிரீன், பேராதனையிலிருந்து 1903 இல் இதனைப் பற்றித் தோட்டக்காரருக்கு அறிவுரை வெளியிட்டார். 1821 இல் நிறுவப்பெற்ற பேராதனைத் தாவரவியற் பூங்காவே அக்காலத்தில் மலைநாட்டுப் பயிர்களுக்கு மருத்துவமனை போல விளங்கியது.

இவ்வண்டின் வாழ்க்கை ஒரு விந்தை. பெண் வண்டு எழுதுகோலின் பருமனுள்ள கிளையைத் தேர்ந்து உள்ளே குடைகிறது. சிறிது தூரம் நேராகச் சென்றபின், சுரங்கம் கிளையைச் சுற்றி வளைகிறது. ஆனால் அது மரத்தைத் தின்பதில்லை. தன் வாயருகே உள்ள நுண்ணிய பைகளில் ஒரு பங்கசின் வித்துகளை அது சுமந்து வருகிறது. சுரங்கச் சுவரில் அந்தப் பங்கசு வெண்பாசி போல வளரும். முட்டையிலிருந்து வெளிவரும் காலற்ற குடம்பிகள் அந்த விளைச்சலையே உண்டு வளர்ந்து, தோலுரித்து, கூட்டுப்புழுவாகி, சில வாரங்களில் வண்டாகின்றன. ஆண்கள் மிகச் சில. அவை பறக்க மாட்டா. பிறந்த சுரங்கத்திலேயே கூடல் முடிந்து, கருவுற்ற பெண்கள் பங்கசு வித்துகளைச் சீதனம் போல எடுத்துக்கொண்டு வேறு கிளை தேடிப் புறப்படுகின்றன. மனிதன் உழவு கற்பதற்கு எத்தனையோ காலம் முன்பே உழவு கற்ற உயிர் இது என்றால் மிகையாகாது.

இந்த உழவினால் வரும் இழப்பு தேயிலைச் செடிக்கு மட்டும் உரியதன்று. சுற்றிக் குடையப்பட்ட கிளை, கொழுந்து பறிப்பவரின் கை பட்டாலே முறிந்து விழும். கவ்வாத்து வெட்டியபின் துளைகளின் வழியே மரம் உக்கி, செடி பட்டுப்போகும். கொழுந்து குறைந்தால் நிறை குறையும். நிறை குறைந்தால் பறிப்பவரின் கூலி குறையும். 4,000 அடிக்கு மேற்பட்ட குளிர்ந்த மலைகளில் வண்டு அருகியே காணப்பட்டது. கண்டி, கம்பளை, நாவலப்பிட்டி போன்ற நடுத்தர உயரப் பகுதிகளே அதன் தாக்குதலுக்கு மிகுதியும் ஆளாயின. ஆகவே இது நடுமலை நாட்டுக் குடும்பங்களின் அடுப்பங்கரை வரை எட்டிய பீடை.

தொடக்கத்தில் கையாளப்பட்ட பரிகாரம் எளியது. தாக்குண்ட கிளைகளை வெட்டுவது, கவ்வாத்துக் கழிவைப் பொறுக்கி எரிப்பது அல்லது புதைப்பது என்பனவே வழிகள். இவை பெரும் உழைப்பை வேண்டின. பயனோ சிறிதாக இருந்தது. 1912 இல் அமைந்த விவசாயத் திணைக்களத்தின் சார்பில் ஸ்பேயர் என்னும் பூச்சியியலாளர் வண்டின் வாழ்க்கையைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். 1925 இல் தேயிலை ஆராய்ச்சி நிலையம் உருவாகி, பின்னர் தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில் நிலைபெற்றது. அங்கு பணியாற்றிய காட் என்னும் பங்கசு ஆராய்ச்சியாளரும் அவருடைய துணைவர் லூஸும், வண்டு வளர்க்கும் பங்கசினை 1947 இல் முறையாக விவரித்துப் பெயரிட்டனர். வண்டை அறிய வேண்டுமாயின் அதன் உணவை அறிய வேண்டும் என்ற இந்த நோக்கு, பின்னாளில் வரவிருந்த பெரிய மாற்றத்துக்கு வித்தாயிற்று.

இதே காலத்தில் வேறொரு பூச்சி வழியாகவும் ஓர் அரிய பாடம் கிடைத்தது. தேயிலை இலைகளை நூலாற் பிணைத்து உள்ளிருந்து தின்னும் இலைசுருட்டிப் புழு, 1930களில் மலைநாட்டுத் தோட்டங்களைப் பெரிதும் வருத்தியது. அதன் முட்டைத் தொகுதிகளைக் கையாற் பொறுக்குவதே அன்றைய வழி. 1935, 1936 ஆம் ஆண்டுகளில் ஜாவாவிலிருந்து ‘மக்ரோசென்ற்றஸ்’ என்னும் சிறு குளவி கொண்டுவரப்பட்டுத் தோட்டங்களில் விடப்பட்டது. அது இலைசுருட்டிப் புழுவின் உடலுக்குள் முட்டையிடும். அந்த ஒரு முட்டை உள்ளேயே பல கருக்களாகப் பிரிந்து பல குளவிகளாக வளர்கின்றது என்பதனைக் காட் 1946 இல் எடுத்துரைத்தார். குளவி மலைநாட்டில் வேரூன்றியது. இலைசுருட்டியின் கொட்டம் அடங்கியது. கூலி கேட்காமல், இரவு பகல் பாராமல் காவல் செய்யும் ஊழியர் படை ஒன்று இவ்வாறு தேயிலைக்குக் கிடைத்தது.

அந்தப் படையை மனிதனே அழித்தான் என்பது வரலாற்றின் அடுத்த ஏடு. இரண்டாம் உலகப் போருக்குப்பின் டி.டி.ரி., டில்ட்ரின் முதலிய புதிய நஞ்சுகள் உலகெங்கும் புகழ்பெற்றன. 1950களின் நடுப்பகுதியில், துளைக்கும் வண்டை ஒழிக்கத் தேயிலைச் செடிகளின் மீது டில்ட்ரின் தெளிக்கப்பட்டது. கிளையின் மேற்பரப்பில் நெடுநாள் தங்கும் அந்த நஞ்சு, குடைய வந்த பெண் வண்டுகளைக் கொன்றது. தோட்டங்கள் மகிழ்ந்தன. மகிழ்ச்சி நீடிக்கவில்லை. இலைக்கூட்டுக்குள் ஒளிந்திருந்த சுருட்டிப் புழு தப்பியது; வெளியிற் பறந்து திரிந்த குளவி மாண்டது. இருபதாண்டுகள் அடங்கிக் கிடந்த புழு மீண்டும் பெருகியது. சுள்ளியைப் போலத் தோன்றும் மற்றொரு புழுவும் எழுந்தது. அதன் பெருக்கத்துக்கும் டில்ட்ரின் தெளிப்புக்கும் உள்ள தொடர்பினைத் தந்தநாராயணவும் கதிரவேற்பிள்ளையும் 1969 இல் வெளியிட்ட ஆராய்ச்சியில் எடுத்துக் காட்டினர். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதையாக முடிந்தது அந்த முயற்சி.

தெளிகருவியை முதுகிற் சுமந்தவரும், தெளித்த மலையில் மறுநாள் நடந்தவரும் தோட்டத் தொழிலாளரே என்பதை இங்கு மறத்தல் ஆகாது. டில்ட்ரின் கொழுப்பிற் கரைந்து உயிர்களின் உடலிற் சேர்ந்து தங்கும் இயல்புடையது. 1962 இல் அமெரிக்க எழுத்தாளர் ரேச்சல் கார்சன் இத்தகைய நஞ்சுகளின் கேட்டினை உலகறியச் செய்தார். இலங்கையில் 1980 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கப் பீடைகொல்லிக் கட்டுப்பாட்டுச் சட்டம் நிறைவேறியது. 2001 இல் ஸ்டொக்ஹோமில் ஒப்பமான உலக உடன்படிக்கை, ஒழிக்க வேண்டிய முதற் பன்னிரண்டு பொருள்களின் வரிசையில் டில்ட்ரினையும் வைத்தது.

நஞ்சின் குறை யாது? பகைவன் யார், நண்பன் யார் என்று அது அறியாது. நரம்பு உள்ள உயிர் அனைத்தையும் அது தாக்கும். அப்படியாயின், பூச்சிக்கு மட்டுமே உரிய ஓர் இயல்பைத் தாக்க இயலாதா என்ற வினா எழுந்தது. பூச்சிக்குரிய தனி இயல்பு அதன் வளர்ச்சி. மனிதக் குழந்தை மெல்ல மெல்ல வளர்கிறது. பூச்சியோ தன் தோலாகிய சட்டையைப் பலமுறை கழற்றி, ஒவ்வொரு முறையும் ஒரு படி ஏறி, இறுதியில் உருமாறுகிறது. எப்பொழுது உரிப்பது, எப்பொழுது உருமாறுவது என்பதை உடலுக்குள் சுரக்கும் ஓமோன்கள் கட்டளையிடுகின்றன. இங்கிலாந்தில் விகில்ஸ்வர்த் என்பவர் 1930களில், பூச்சியின் மூளைக்குப் பின்னுள்ள ஒரு சிறு சுரப்பி இளமையைக் காக்கும் ஓமோனைச் சுரக்கிறது என்று காட்டினார். அது சுரக்கும்வரை பூச்சி இளம்பருவத்தைக் கடவாது. 1954 இல் ஜெர்மனியில் புட்டெனான்டும் கார்ல்சனும் 500 கிலோ பட்டுப்பூச்சிக் கூட்டுப்புழுக்களிலிருந்து தோலுரிக்கும் ஓமோனை 25 மில்லிகிராம் அளவே பிரித்தெடுத்தனர்.

1960களின் நடுவே அமெரிக்காவில் ஹார்வார்ட் பல்கலைக்கழகத்தில் ஒரு வேடிக்கை நிகழ்ந்தது. செக்கோஸ்லவாக்கியாவிலிருந்து வந்த கரெல் ஸ்லாமா என்னும் அறிஞர் வளர்த்த பூச்சிகள், முதிர்ச்சி அடைய வேண்டிய வேளையில் முதிராமல், உருவிற் பெருத்த குழந்தைகளாகவே நின்று மடிந்தன. காரணத்தைத் தேடிய ஸ்லாமாவும் கரோல் வில்லியம்சும், கிண்ணத்தில் இட்டிருந்த அமெரிக்கக் காகிதமே காரணம் என்று கண்டனர். ‘நியூ யோர்க் டைம்ஸ்’ தாள் பூச்சியை முதிரவிடவில்லை. இலண்டன் ‘டைம்ஸ்’ தாளால் ஒரு தீங்கும் இல்லை. அமெரிக்கக் காகிதம் செய்யும் ஒருவகைத் தேவதாரு மரம், இளமை ஓமோனை ஒத்த பொருளைத் தன்னுள் வைத்திருந்தது. அப்பூச்சிக்கு எதிராக மரம் தானே கண்ட தற்காப்பு அது.

தமிழர்க்கு இத்தகைய மரம் புதியதன்று. தானியத்தோடு வேப்பிலையை இட்டு வைப்பது வடபுலத்து வீடுகளில் பழைய வழக்கம். 1968 இல் வேப்பம் விதையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட அசாடிராக்டின் என்னும் பொருள், பூச்சியின் பசியைக் கெடுப்பதோடு அதன் தோலுரிப்பையும் குலைக்கிறது. சட்டையைக் கழற்ற இயலாத குடம்பி அதற்குள்ளேயே மடிகிறது.

இந்த அறிவு இலங்கைத் தேயிலைக்கும் வந்து சேர்ந்தது. பூச்சிகள் ஸ்டெரால் என்னும் கொழுப்பினப் பொருளைத் தம் உடலில் ஆக்க மாட்டா. உணவிலிருந்தே அதனைப் பெற வேண்டும். தோலுரிக்கும் ஓமோன் அந்த ஸ்டெராலிலிருந்தே ஆகிறது. அமெரிக்காவில் விஸ்கொன்சின் பல்கலைக்கழக ஆய்வாளர், துளைக்கும் வண்டின் நெருங்கிய உறவான ஓர் இனத்தை 1970 அளவில் ஆராய்ந்து, தக்க ஸ்டெரால் கிடைக்காவிடில் அதன் குடம்பி கூட்டுப்புழு ஆவதில்லை என்று கண்டனர். சுரங்கத்துப் பங்கசு வெறும் சோறு அன்று. பருவமெய்த வைக்கும் மருந்தும் அதுவே. தேயிலை ஆராய்ச்சி நிலையத்து ஆர். எல். விக்கிரமசிங்கவும் அவருடைய துணைவரும் 1976 இல், தேயிலை மரத்திலுள்ள ஸ்பினாஸ்டெரால் என்னும் பொருளும் வெப்பநிலையும் ஈரப்பதமும் வண்டின் தாக்குதலைத் தீர்மானிக்கின்றன என்று அறிவித்தனர். 1980 இல் விக்கிரமசிங்கவும் திருஞானசுந்தரனும் இந்த உயிர் இரசாயன வழியிற் கட்டுப்பாட்டைத் தேடிய ஆய்வினை வெளியிட்டனர். தேயிலையின் காபீன் இவ்வண்டுக்குச் செய்வது யாது என்பதும் 1999 இல் ஆராயப்பட்டது. ஒரு செடி தாக்குண்டு வாட, அடுத்த செடி நிமிர்ந்து நிற்பது விதியன்று. செடியின் உடலில் உள்ள பொருள்களில் அதற்கு விடை தேடலாம் என்று இவ்வாய்வுகள் உணர்த்தின.

ஓமோனுக்கும் ஆணையிடுவது பரம்பரையலகு. பழ ஈயின் கருவில் தலை எது, வால் எது, கால் எங்கே முளைப்பது என்று வகுக்கும் பரம்பரையலகுகளைக் கண்டறிந்த லூயிஸ், நியூஸ்லைன் வோல்ஹார்ட், வீஷௌஸ் ஆகிய மூவருக்கும் 1995 இல் நோபல் பரிசு கிடைத்தது. 1998 இல் ஃபயர், மெல்லோ என்னும் இருவர் ஒரு புழுவை ஆராய்ந்து, இரட்டை இழை ஆர்.என்.ஏ. எனும் பொருளை உடலிற் செலுத்தினால் அதனோடு ஒத்த பரம்பரையலகின் குரல் அடங்கிவிடுகிறது என்று காட்டினர். அவர்களுக்கு 2006 இல் நோபல் பரிசு கிடைத்தது. பரம்பரையலகு அழிவதில்லை, அது அனுப்பும் செய்தி மட்டும் வழியில் வெட்டுண்டு போகிறது. கணக்கப்பிள்ளையின் துண்டு வேலைமலையைச் சேராவிடில் அன்றைய வேலை நடவாதது போல, செய்தி சேராத உடலில் வளர்ச்சி நின்றுவிடும். செய்தியின் எழுத்து வரிசை இனத்துக்கு இனம் வேறுபடுவதால், பீடையை மட்டும் தாக்கிக் குளவியை விட்டுவிடலாம் என்பதே இம்முறையின் பெரும் நம்பிக்கை. 2007 இல் பயிர்களின் வழியே பூச்சிக்கு இதனை ஊட்டலாம் என்று ஆய்வாளர் மெய்ப்பித்தனர். 2023 இன் இறுதியில் உருளைக்கிழங்கு வண்டுக்கு எதிராக இத்தகைய தெளிமருந்து ஒன்று அமெரிக்காவிற் பதிவு பெற்றது. அது தாக்குவது வளர்ச்சிக்குரிய பரம்பரையலகை அன்று, உயிரணுவின் கழிவகற்றும் பொறியை. ஆயினும் வழி ஒன்றே.

தேயிலை வண்டுக்கு இவ்வழி எளிதில் எட்டாது. கிளைக்குள் ஒளிந்து, பங்கசை மட்டும் உண்ணும் குடம்பிக்கு மேலே தெளிக்கும் மருந்து எவ்வாறு சேரும்? பங்கசின் வழியே சேர்ப்பதா, செடியின் சாற்றின் வழியே சேர்ப்பதா என்பது விடை காண வேண்டிய வினா. மற்றொரு சிக்கல் பெயரில் எழுந்தது. ஒரே வண்டு என்று ஒன்றரை நூற்றாண்டு கருதப்பட்டது, ஒன்றையொன்று ஒத்த பல இனங்களின் கூட்டம் என்று 2018, 2019 ஆம் ஆண்டு ஆய்வுகள் காட்டின. அக்கூட்டத்தைச் சேர்ந்த வண்டுகள் கலிபோர்னியா, இஸ்ரேல், தென்னாபிரிக்கா முதலிய இடங்களுக்கும் பரவி, வெண்ணெய்ப்பழ மரங்களையும் தெருவோர மரங்களையும் வருத்துகின்றன. இனமறிந்து தாக்கும் ஆயுதத்துக்கு இனம் எது என்று முதலில் அறிந்தாக வேண்டும். கிரீனும் காட்டும் செய்த பொறுமையான களப்பணி இன்றும் காலாவதி ஆகவில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டியதில்லை.

புதிய கருவியும் மந்திரக்கோல் அன்று. உருளைக்கிழங்கு வண்டும் சோள வேர்ப்புழு வண்டும் இரட்டை இழை ஆர்.என்.ஏ.வுக்கு எதிர்ப்புப் பெறக்கூடும் என்று ஆய்வுக்கூடங்களிலேயே தெரிந்துவிட்டது. நஞ்சை ஒரே நாளில் கைவிடுவதும் தீர்வாகாது என்பதை 2021 இல் இலங்கை அறிந்தது. அவ்வாண்டு விவசாய இரசாயனங்களின் இறக்குமதி முன்னேற்பாடின்றித் தடுக்கப்பட்டு, ஆண்டு முடியுமுன்பே தடை விலக்கப்பட்டது. அளவு மீறித் தெளிப்பதும், மாற்று வழி காட்டாமல் நிறுத்துவதும், பயிரின் இயல்பைக் கேளாமல் எடுக்கும் முடிவுகள் என்ற வகையில் ஒன்றே.

கோப்பியின் அழிவிலிருந்து இன்றுவரை நடுமலை நாட்டின் பயிர் வரலாறு ஒரே செய்தியைத் திரும்பத் திரும்பக் கூறுகிறது. பீடையின் வாழ்க்கையைப் பொறுமையோடு கற்றவர் கொண்டுவந்த குளவி, தேயிலையை இருபதாண்டு காத்தது. கற்குமுன் தெளித்த நஞ்சு, காவலைக் கொன்று பீடையைப் பெருக்கியது. இனி வரும் கருவி பரம்பரையலகின் குரலையே அடக்க வல்லதாயினும் அதற்கும் இதே உரைகல்லே பொருந்தும். அது எந்த உயிரைத் தொடும், எந்த உயிரை விட்டுவிடும், அதனைக் கையாள்பவரின் உடலுக்கு யாது செய்யும் என்ற வினாக்களுக்கு விடை பெற்றபின்னரே அது மலை ஏற வேண்டும். அந்த விடையைக் கேட்கும் உரிமை ஆய்வாளருக்கும் தோட்ட நிருவாகத்துக்கும் மட்டும் உரியதன்று. கூடை சுமந்து அந்தச் செடிகளின் நடுவே நாள்தோறும் நிற்பவர்க்கே அது முதலில் உரியது.